வெளிநாட்டு ஷிப்பிங் திட்டங்கள்: வசதிக்கு விற்பவர் தரும் விலை
இணைய வணிகம் – தொடர் 12

உள்ளூர் முகவரிக்குப் பார்சல் அனுப்புவது ஒரு வேலை என்றால், வெளிநாட்டுக்கு அனுப்புவது பத்து வேலை. சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும். பொருளின் வகைக் குறியீட்டைத் தேட வேண்டும். போய்ச் சேரும் நாட்டின் வரியையும் அங்கே தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலையும் பார்க்க வேண்டும். வழியில் தொலைந்தால் யாரிடம் முறையிடுவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டிலிருந்தோ சிறு கடையிலிருந்தோ ஆன்லைனில் விற்பவருக்கு இவை பெரும் சுமை. அந்தச் சுமையைத் தாங்களே ஏற்பதாகச் சொல்லித்தான் ஈபே, அமேசான் போன்ற சந்தைத் தளங்கள் வெளிநாட்டு ஷிப்பிங் திட்டங்களை நடத்துகின்றன. உள்நாட்டில் உள்ள ஒரு மையத்துக்குப் பார்சலை அனுப்பினால் போதும், மற்றதைத் தளம் பார்த்துக்கொள்ளும் என்பதே இவற்றின் சாரம்.

இதில் உள்ள வசதி உண்மையானது. ஆனால் விலை, பேக்கிங், வரிக் கணக்கு, ரிட்டர்ன், ஏற்றுமதிச் சான்று ஆகியவற்றைப் பற்றிய முடிவுகளும் அந்த வசதியோடு சேர்ந்து விற்பவரின் கையை விட்டுப் போகின்றன. அவை ஒவ்வொன்றும் எங்கே, எப்படிப் போகின்றன என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

திட்டம் இயங்கும் விதம்

இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது ஈபே 2012-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'குளோபல் ஷிப்பிங் புரோகிராம்'. ஈபேக்காக இதை இயக்கியது பிட்னி போவ்ஸ். 1920-ல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம் அஞ்சல் கட்டண முத்திரை இயந்திரங்களுக்குப் பேர்போனது. கென்டக்கி மாநிலத்தின் எர்லாங்கர் நகரில், சின்சினாட்டி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அதன் மையம் இருந்தது. பின்னர் திட்டம் பிரிட்டனுக்கும் வந்தபோது ஸ்டாஃபோர்ட்ஷயரின் லிச்ஃபீல்டு அருகே இன்னொரு மையம் அமைந்தது. அமெரிக்காவில் 2022 முதல் 'ஈபே இன்டர்நேஷனல் ஷிப்பிங்' என்ற புதிய திட்டம் பழையதன் இடத்தைப் பிடித்தது. அதன் மையம் சிகாகோவின் புறநகரான கிளெண்டேல் ஹைட்ஸில் இருக்கிறது. அமேசானில் 'எஃப்.பி.ஏ. எக்ஸ்போர்ட்' என்ற ஏற்பாடு உண்டு. விற்பவர் அமேசான் கிடங்கில் வைத்திருக்கும் சரக்கை வெளிநாட்டு வாடிக்கையாளர் வாங்கினால் அமேசானே அங்கிருந்து அனுப்பிவிடும்.

ஈபே முறையில் பயணம் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டம் விற்பவரிடமிருந்து மையம் வரை. பார்சலின் லேபிளில் வாங்குபவரின் பெயர், மையத்தின் முகவரி, ஒரு குறிப்பு எண் ஆகியவை இருக்கும். இரண்டாம் கட்டம் மையத்திலிருந்து வெளிநாட்டு வீட்டு வாசல் வரை. அதற்கான கட்டணத்தையும் இறக்குமதி வரிகளையும் வாங்குபவர் ஆர்டர் போடும்போதே செலுத்திவிடுகிறார். அந்தப் பணம் விற்பவரின் கைக்கு வருவதில்லை, திட்டத்தை நடத்துபவருக்கே போகிறது. பார்சல் நல்ல நிலையில் மையத்தை அடைந்ததும் விற்பவரின் பொறுப்பு முடிந்துவிடும் என்பது திட்டத்தின் முக்கியமான வாக்குறுதி.

புதிய திட்டம் வந்தபோது தகுதியுள்ள அமெரிக்க விற்பனையாளர்களின் கணக்குகளை ஈபே தானாகவே அதில் சேர்த்தது. வேண்டாம் என்றால் கணக்கின் செட்டிங்ஸுக்குப் போய் விலக வேண்டும். தாம் வெளிநாட்டுக்கும் விற்கிறோம் என்பதே முதல் வெளிநாட்டு ஆர்டர் வந்த பிறகு சிலருக்குத் தெரிய வர இதுவே காரணம்.

வாங்குபவர் பார்க்கும் தொகை

முதல் குறை விலையில் இருக்கிறது. சிறிய, எடை குறைந்த பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்ப அமெரிக்க அஞ்சல் துறையில் 'ஃபர்ஸ்ட் கிளாஸ் பேக்கேஜ் இன்டர்நேஷனல்' என்ற சேவை இருக்கிறது. 4 பவுண்டு எடைக்கும் 400 டாலர் மதிப்புக்கும் உட்பட்ட பார்சல்களுக்கு அது ஒரு சிக்கனமான வழி. நாணயம், அஞ்சலட்டை, காமிக்ஸ், பழைய கேமரா உதிரி பாகம் போன்றவற்றை விற்பவர்கள் பல ஆண்டுகளாக அதை நம்பியே வெளிநாட்டு வாடிக்கையாளர்களைச் சேர்த்தார்கள்.

தளத்தின் திட்டத்தில் அதே அஞ்சலட்டை முதலில் மையத்துக்குப் போக ஒரு கட்டணம், அங்கிருந்து நாடு கடக்க ஒரு கட்டணம், வரியோடு சேர்த்து அதைக் கையாளும் செலவு என மூன்று படிகளைச் சுமக்கிறது. எடை கூடிய, விலை உயர்ந்த பொருளில் இந்தக் கூடுதல் செலவு கண்ணில் படாமல் போகலாம். 10 டாலர் பொருளில் ஷிப்பிங்கும் வரியும் பொருளின் விலையையே தாண்டிவிடும். வாங்க வந்தவர் அந்த மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் வேறு கடைக்குப் போய்விடுவார். போனது ஏன் என்பது விற்பவருக்குத் தெரிய வழியில்லை.

லிஸ்டிங்கைப் பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அதற்கேற்பத் தொகை மாறுகிறது. கனடாக்காரருக்கு ஒரு தொகை, ஆஸ்திரேலியக்காரருக்கு இன்னொன்று. இந்தத் தொகைகளைத் தீர்மானிப்பதில் விற்பவருக்குப் பங்கில்லை. குறைத்துக் கொடுக்கும் உரிமையும் இல்லை. இவ்வளவு அநியாயமாக ஷிப்பிங் வாங்கலாமா என்ற கோபம் மட்டும் அவர் பெயருக்கு வந்து சேர்கிறது, ஏனென்றால் வாங்குபவருக்குத் தெரிந்த ஒரே முகம் அவருடையதுதான்.

முன்கூட்டியே கணக்கிட்டு வாங்கும் இறக்குமதித் தொகையிலும் ஒரு சிக்கல் உண்டு. எல்லையில் அதிக வரி விதிக்கப்பட்டால் வாங்குபவர் மேற்கொண்டு எதுவும் கட்ட வேண்டாம். இது அவருக்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் கணக்கிட்டதைவிட வரி குறைவாக இருந்தால் மீதித் தொகையைத் திருப்பித் தரும் கட்டாயம் பழைய திட்டத்தின் விதிகளில் இருக்கவில்லை.

ஒரே விற்பனையாளரிடம் பல பொருள்கள் வாங்குபவர்களைப் பழைய திட்டம் இன்னும் கடுமையாகப் பாதித்தது. அஞ்சலட்டை சேகரிப்பவர் ஒரே கடையில் பத்து அட்டைகள் எடுப்பது சாதாரணம். நேரடியாக அனுப்பும் விற்பனையாளர் பத்தையும் ஒரே உறையில் வைத்து ஒரு கட்டணம் மட்டும் வாங்குவார். திட்டத்தின் வழியாகப் போனபோது ஒவ்வொரு அட்டையும் தனி ஆர்டராகி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வெளிநாட்டுக் கட்டணம் விழுந்தது. சேர்த்துக் கணக்குப் போட்டு பில்லைத் திருத்தித் தர விற்பவரால் முடியவில்லை. தொடர்ந்து வாங்கும் நல்ல வாடிக்கையாளரை இழக்க இதைவிட எளிய வழி கிடையாது.

வகைக் குறியீடு என்னும் முடிச்சு

எல்லை தாண்டும் எந்தப் பொருளுக்கும் ஒரு வகைக் குறியீடு தேவை. உலக சுங்க அமைப்பு வகுத்த முறைப்படி முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது. எவ்வளவு வரி என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது இந்தக் குறியீடு. நேரடியாக அனுப்பும்போது இதை எழுதுவது விற்பவர். திட்டத்தில் அவர் எழுதிய லிஸ்டிங்கை வைத்துத் திட்டத்தை நடத்துபவர் தீர்மானிக்கிறார்.

ஒஹாயோவில் இருக்கும் ஒருவர் 1890-களில் செய்யப்பட்ட பீங்கான் கெண்டி ஒன்றை மான்செஸ்டரில் இருப்பவருக்கு 400 டாலருக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருள்களுக்கு 9706 என்ற தனித் தலைப்பு உண்டு. பிரிட்டனில் அவற்றுக்குச் சுங்க வரி இல்லை, இறக்குமதி வாட் வரியும் நடைமுறையில் 5% தான். அதே கெண்டியைப் புதிய பீங்கான் பாத்திரம் என்று வகைப்படுத்தினால் சுங்க வரியோடு 20% வாட்டும் சேர்கிறது. பொருளின் விலையை மட்டும் வைத்துப் பார்த்தாலே வாட் 20 டாலருக்குப் பதில் 80 டாலர் ஆகிவிடும். கெண்டியின் வயதை நிரூபிக்கும் ரசீதும் அடிப்பக்க முத்திரையின் படமும் விற்பவரிடம் இருக்கின்றன. ஆனால் குறியீட்டைத் தீர்மானிக்கும் இடத்தில் அவர் இல்லை.

பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதிலும் இதே நிலைதான். பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலான வணிக ஒப்பந்தத்தில் சுங்க வரி விலக்கு உண்டு. அது அந்த நாடுகளில் உருவானதாக விதிப்படி தகுதி பெறும் பொருள்களுக்கு மட்டுமே. தகுதியை முறையாக அறிவித்தால்தான் சலுகை கிடைக்கும். அந்த அறிவிப்பைச் செய்வதற்கான விவரம் கையில் இருப்பவர் விற்பனையாளர். சரக்கு வேறொருவரின் பெயரில் எல்லை கடக்கும்போது அந்த விவரம் பார்சலோடு சேர்ந்து போகும் என்று நம்ப முடியாது.

மையத்தில் பெட்டி திறக்கப்படும்போது

மையம் ஒரு பரிசோதனைச் சாவடியும்கூட. பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கும், மீண்டும் பேக் செய்வதற்கும், ஏற்க முடியாததை நிறுத்தி வைப்பதற்கும் விதிகள் இடம் தருகின்றன. தடைசெய்யப்பட்ட சரக்கு எல்லை தாண்டாமல் தடுக்க இது தேவைதான். உடையும் பொருள்களை விற்பவர்களுக்கு இதுவே பெரிய கவலை.

அந்தக் கெண்டியை அனுப்பும் அனுபவசாலி முதலில் மூடியைத் தனியாகச் சுற்றுவார். மூக்குக்கும் கைப்பிடிக்கும் குமிழித்தாள் திணிப்பார். பின்பு ஒரு பெட்டிக்குள் வைத்து அதை இன்னொரு பெட்டிக்குள் இறக்கி, இடைவெளி முழுவதையும் நிரப்புவார். வெளிப்பெட்டியில் விழும் அடி உள்பெட்டிக்குப் போகாமல் இருக்க அந்த இடைவெளிதான் காவல். மையத்தில் ஆயிரக்கணக்கான பார்சல்களுக்கு நடுவே இதைப் பிரிப்பவர், எடை அளவையும் பெட்டி அளவையும் குறைக்க ஒரே பெட்டியில் மாற்றி வைத்துவிட்டால் அத்தனை கவனமும் வீண். குளோபல் ஷிப்பிங் புரோகிராம் நடந்த காலம் முழுவதும் விற்பவர்கள் எழுப்பிய பெரிய புகார்களில் இந்த மறு பேக்கிங் ஒன்று. உடைந்த பொருளோடு வாங்குபவர் அனுப்பும் படத்தில் இருப்பது தான் கட்டிய பெட்டியே இல்லை என்பதை அப்போதுதான் விற்பவர் பார்ப்பார்.

நிறுத்தி வைக்கப்படும் பொருள்களின் பட்டியல் நீளமானது. லித்தியம் பேட்டரி, வாசனைத் திரவியம், கத்தி, விதை, தந்தம், முதலைத்தோல் எனப் போகிறது. பிரேசில் ரோஸ்வுட் மரத்தாலான பழைய கிட்டார்கூட அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைக்குள் வருகிறது. அந்த மரம் 1992-லேயே அதன் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. உரிய அனுமதி எடுத்து நேரடியாக அனுப்ப விற்பவருக்கு வழி உண்டு. பெருந்திரளைக் கையாளும் திட்டம் ஒற்றைப் பொருளுக்காக அனுமதிப் பத்திரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்காது. எளிதாக நிராகரித்துவிடும்.

காலமும் தடமும்

மையத்தில் இறங்கி, பதிவாகி, பரிசோதிக்கப்பட்டு, அடுத்த வண்டியில் ஏறுவதற்கு ஆகும் நாள்கள் நேர்வழி அஞ்சலில் இல்லாதவை. அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஜப்பானுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போக வேண்டிய பொருள் முதலில் கிழக்கு நோக்கி இல்லினாய் வரை பயணம் செய்து, பிறகு திரும்பவும் பசிபிக்கைக் கடக்க வேண்டும்.

ட்ராக்கிங்கும் மையத்தில் கை மாறுகிறது. விற்பவரின் எண் மையத்தில் டெலிவரி ஆனதாகக் காட்டும். வாங்குபவரோ தன் வீட்டுக்கு வரவில்லையே என்று கேட்பார். அதற்குப் பிறகு பார்சல் எங்கே இருக்கிறது, ஏன் நிற்கிறது என்பதை விற்பவர் தன் முயற்சியில் கண்டுபிடிக்க முடியாது. கூரியர் நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பேசும் தகுதிகூட அவருக்கு இல்லை, ஏனென்றால் இரண்டாம் கட்டத்தில் அனுப்புநர் அவர் அல்ல. தாமதத்துக்காக வரும் மோசமான ஃபீட்பேக்கை நீக்கித் தர ஈபேயின் விதிகளில் வழி இருக்கிறது. வாங்குபவரின் நம்பிக்கை போனால் அதைத் திரும்பக் கொண்டுவர விதி எதுவும் இல்லை.

ரிட்டர்ன்: பணம் தங்கும், பொருள் போகும்

ஈபே இன்டர்நேஷனல் ஷிப்பிங்கில் வெளிநாட்டு வாடிக்கையாளர் பொருளைத் திருப்பினால் ரீஃபண்டை ஈபே ஏற்கிறது. விற்பவர் வாங்கிய பணம் அவரிடமே இருக்கும். பொருள் மட்டும் அவரிடம் திரும்பி வராது. அதை மறுவிற்பனை செய்யவோ அப்புறப்படுத்தவோ திட்டத்தில் இடம் உண்டு.

கடையில் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும் சரக்கை விற்பவருக்கு இது நல்ல ஏற்பாடு. ஒரே ஒரு பிரதி மட்டுமே உள்ள பொருள், கைவினைஞர் கையால் செய்த பொருள், தன் பிராண்ட் பெயர் போட்ட பொருள் ஆகியவற்றை விற்பவருக்கு அப்படி இல்லை. திருப்பப்பட்ட பொருள் அடிமாட்டு விலைக்கு மொத்த வியாபாரி ஒருவரிடம் போய், அவர் அதையே இணையத்தில் பட்டியலிட்டால், அசல் விற்பனையாளரின் விலைக்கு எதிராக அவருடைய பொருளே நிற்கும். என்ன குறை என்று வாங்குபவர் சொன்னார், அந்தக் குறை உண்மையா என்று கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பும் போய்விடுகிறது. அடுத்த தயாரிப்பைத் திருத்திக்கொள்ள உதவும் அறிவு அது.

பழைய திட்டத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. தொலைந்தாலும் உடைந்தாலும் விற்பவர் பொறுப்பில்லை என்றாலும், 'படத்தில் இருந்தது போல் இல்லை' என்று புகார் வந்தால் அது எங்கே நேர்ந்தது என்ற கேள்வி எழும். கெண்டியின் மூக்கில் விரிசல் மையத்துக்கு வரும் முன்பே இருந்ததா, மையத்தில் வந்ததா, அதற்குப் பிறகா? இதை முடிவு செய்யும் ஆவணம் எல்லாம் நடத்துபவர் கையில் இருக்க, மையத்துக்கு அனுப்பும் முன் எடுத்த படம் ஒன்றே விற்பவரின் சாட்சி.

ஏற்றுமதிச் சான்று

பதிவு பெற்று முறையாகத் தொழில் செய்பவரின் கையைக் கடிக்கக்கூடியது இது. பெரும்பாலான நாடுகள் ஏற்றுமதிச் சரக்குக்கு உள்நாட்டு விற்பனை வரி விதிப்பதில்லை. சரக்கு நாட்டை விட்டு வெளியேறியதற்குச் சான்று காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. பிரிட்டனில் வாட் பதிவு பெற்றவர் 0% விகிதத்தைப் பெற, பொதுவாக மூன்று மாதத்துக்குள் சரக்கு வெளியேறியிருக்க வேண்டும், அந்தக் காலத்துக்குள் சான்றும் கையில் இருக்க வேண்டும்.

பழைய திட்டத்தில் லிச்ஃபீல்டு மையத்துக்கு அனுப்பியவரிடம் இருந்தது ஒரு பிரிட்டன் முகவரிக்குப் பார்சல் போன ரசீது. விமானத்தில் ஏற்றியவர் வேறொருவர், ஏற்றுமதி ஆவணம் அவர் பெயரில். சான்று கிடைக்காத விற்பனையை உள்நாட்டு விற்பனையாகவே கணக்குக் காட்ட வேண்டும். 120 பவுண்டுக்கு விற்ற பொருளில் 20 பவுண்டு வாட்டாக அரசுக்குப் போகும். அமெரிக்காவில் இருக்கும் வாடிக்கையாளருக்கு விற்ற பொருளுக்குப் பிரிட்டன் வரி கட்டுவது என்றால் சிறு வணிகரின் லாபம் முழுவதும் அதிலேயே கரைந்துவிடும்.

சரக்கு போகும் இடம்

தளம் தானாகவே ஏற்றுமதி செய்யும்போது, தன் பொருள் எந்தெந்த நாட்டுக்குப் போகிறது என்பதில் விற்பவரின் பிடி தளர்கிறது. ஒரு நாட்டில் தனி விநியோகஸ்தரோடு ஒப்பந்தம் போட்டிருக்கும் பிராண்ட், அதே நாட்டுக்குத் தன் பொருள் வேறு வழியில் போவதை அறியாமலே இருக்கலாம். 110 வோல்ட்டுக்குச் செய்த மின்சாதனம் 230 வோல்ட் நாட்டுக்குப் போனால் உத்தரவாதமும் பாதுகாப்பும் கேள்விக்குறி. எந்த நாடுகள் வேண்டாம் என்று விலக்கவும் முழுவதுமாக விலகவும் வசதி உண்டு. அதைத் தேடிப் பிடித்துப் பயன்படுத்தும் வேலை விற்பவருடையது.

எல்லாப் பொறுப்பும் தளத்துக்குப் போய்விடுகிறது என்று நினைப்பது தவறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப் பொருள் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் வரம்புக்குள் வரும் பொருள்களுக்கு ஒன்றியத்துக்குள் முகவரி உள்ள பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் விவரம் லிஸ்டிங்கில் இடம்பெற வேண்டும். ஷிப்பிங் திட்டத்தில் சேர்ந்ததால் இந்தக் கடமை நீங்குவதில்லை. சோப்பும் மெழுகுவர்த்தியும் துணிப்பொம்மையும் செய்து விற்ற பிரிட்டன், அமெரிக்கச் சிறு விற்பனையாளர்கள் பலர் அந்த டிசம்பரை ஒட்டி ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு விற்பதையே நிறுத்தினார்கள்.

ஒரே கதவை நம்பியிருப்பதன் ஆபத்து

திட்டத்தின் விதிகளை எழுதுவது தளம். கட்டணம், பொருள் பட்டியல், நாடுகள், இழப்பீட்டு வரம்பு எதையும் அது மாற்றலாம். நடத்தும் நிறுவனமும் மாறலாம். குளோபல் ஷிப்பிங் புரோகிராமை இயக்கிய பிட்னி போவ்ஸ் 2024-ல் தன் உலகளாவிய இ-காமர்ஸ் தொழிலையே மூட முடிவெடுத்து, அந்தப் பிரிவின் முக்கிய நிறுவனத்தை அமெரிக்கத் திவால் சட்டத்தின் கீழ் கொண்டுசென்றது.

அரசுகளின் முடிவும் ஒரே நாளில் களத்தை மாற்றும். ஆஸ்திரேலியா 2018 ஜூலை 1 முதல், 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான வெளிநாட்டுப் பொருள்களுக்கும் ஜி.எஸ்.டி. வசூலிக்கும் பொறுப்பைச் சந்தைத் தளங்கள் மீது வைத்தது. அமேசான் உடனே ஆஸ்திரேலியர்களைத் தன் அமெரிக்கத் தளத்தில் வாங்க விடாமல் தடுத்தது. அந்த ஆண்டு நவம்பரில்தான் தடையைத் தளர்த்தியது. அந்த மாதங்களில் அமேசானை மட்டும் நம்பிய அமெரிக்க விற்பனையாளருக்கு ஆஸ்திரேலியா என்ற சந்தையே இல்லாமல் போனது. அமெரிக்காவும் 2016 முதல் 800 டாலர் வரையிலான பார்சல்களுக்குத் தந்துவந்த வரி விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. இத்தகைய நாள்களில் இரண்டாவது வழி ஒன்றை ஏற்கெனவே பழகி வைத்திருப்பவரே தாக்குப்பிடிக்கிறார்.

இந்திய விற்பனையாளருக்கு

அமேசான் தன் குளோபல் செல்லிங் திட்டத்தை இந்திய விற்பனையாளர்களுக்கு 2015-ல் திறந்தது. இங்கே சட்டநிலை வேறு. அந்நிய முதலீடு உள்ள சந்தைத் தளங்கள் சரக்கைத் தாமே சொந்தமாக வைத்து விற்க 2018-ன் முதலீட்டு விதிகள் அனுமதிக்கவில்லை. அதனால் ஏற்றுமதியாளர் என்ற பெயர் விற்பவர் மீதே இருந்துவந்திருக்கிறது. இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் அவருடையது. ஷிப்பிங் பில் அவர் பெயரில். அனுப்பிய சரக்குக்கு உரிய அந்நியச் செலாவணி வந்து சேர்ந்ததாக வங்கிக்குக் கணக்குக் காட்ட வேண்டியவரும் அவரே. தளம் தன் கமிஷனையும் ஷிப்பிங்கையும் ரிட்டர்னையும் கழித்துக்கொண்டு மொத்தமாக அனுப்பும் தொகையை ஒவ்வொரு ஷிப்பிங் பில்லோடும் பொருத்திக் காட்டுவது கரூர் திரைச்சீலை வியாபாரிக்கும் திருப்பூர் டி-ஷர்ட் வியாபாரிக்கும் பழக்கமான தலைவலி. ஜி.எஸ்.டி.யில் ஏற்றுமதிக்குப் பூஜ்ய விகிதம் பெற உறுதிமொழிப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும், அல்லது ஒருங்கிணைந்த வரியைக் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் ஆவணம் வேண்டும்.

பித்தளை, வெண்கலச் சிற்பங்களில் இன்னொரு எச்சரிக்கை தேவை. 1972-ன் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பங்களைத் தனியார் நாட்டை விட்டு அனுப்பக் கூடாது. சுவாமிமலையில் சென்ற மாதம் வார்த்த நடராஜரும் பழைய பாணியில் இருப்பதால், அது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையின் சான்றிதழைச் சுங்க அதிகாரிகள் கேட்கலாம். தளத்தின் திட்டத்தில் சேர்ந்திருப்பது அந்தச் சான்றிதழுக்கு மாற்று ஆகாது.

தளத்துக்கு வெளியே வழி இல்லாமல் இல்லை. அஞ்சல் துறையின் 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' மையங்களில் அஞ்சல் ஏற்றுமதி பில்லை இணையத்திலேயே பதிவு செய்யலாம். 2023-ன் வெளிநாட்டு வணிகக் கொள்கை, கூரியர் வழி ஏற்றுமதியின் உச்சவரம்பை ஒரு பார்சலுக்கு 5 லட்சம் ரூபாயிலிருந்து 10 லட்சமாக உயர்த்தியது. அஞ்சல் வழிக்கும் இடையூறு வரும். அமெரிக்க வரி மாற்றத்தால் இந்திய அஞ்சல் துறை 2025 ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்கப் பார்சல்களை நிறுத்தி, அக்டோபர் 15-ல்தான் மீண்டும் தொடங்கியது. எந்த ஒரு வழியும் நிரந்தரம் இல்லை என்பதற்கு இதுவும் சாட்சி.

எதற்கு ஏற்றது, எதற்கு ஏற்றதல்ல

வெளிநாட்டு விற்பனை எப்போதாவது ஒன்று நடப்பவருக்கும், எளிதில் உடையாத, மீண்டும் கிடைக்கக்கூடிய, நடுத்தர விலைப் பொருள் விற்பவருக்கும் தளத்தின் திட்டம் நல்ல துணை. மோசடிப் புகார்கள் அதிகம் வரும் நாட்டுக்கு விற்கும்போதும் அது கேடயம். எடை குறைந்த மலிவுப் பொருள், ஒற்றைப் பிரதி, பழம்பொருள், உடையும் பொருள், வரிச் சலுகைக்கு ஆவணம் தேவைப்படும் பொருள், பலவற்றைச் சேர்த்து வாங்கும் வாடிக்கையாளர் ஆகியவற்றுக்கு நேரடியாக அனுப்புவதே மேல்.

சேர்வதற்கு முன் விற்பவர் செய்ய வேண்டியவை சில. தன் கணக்கு ஏற்கெனவே திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் நண்பரிடம் சொல்லித் தன் லிஸ்டிங் அங்கே எந்த மொத்தத் தொகையோடு தெரிகிறது என்று கேட்க வேண்டும். பேக் செய்யும் முன்பும் பின்பும் படம் எடுத்து வைக்க வேண்டும். லிஸ்டிங்கில் பொருளின் வயது, பொருள் எதனால் ஆனது, எந்த நாட்டில் செய்தது ஆகிய மூன்றையும் தெளிவாக எழுத வேண்டும், வகைக் குறியீட்டை முடிவு செய்பவர் படிக்கப்போவது அதைத்தான். ஏற்றுமதிச் சான்று யார் தருவார், எப்போது தருவார் என்று ஆடிட்டரோடு உட்கார்ந்து பேச வேண்டும். கடை முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு திட்டத்தில் சேர்ப்பதை விட்டு, எந்தப் பொருளை எந்த வழியில் அனுப்புவது என்ற முடிவை ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக விற்பவரே எடுக்க வேண்டும்.